பாதிச் சம்பளம் டோக்கனில் என்றால், கையெழுத்துப் போடும் முன்

ஆஃபர் லெட்டரைத் திறக்கிறீர்கள். சம்பளத்தில் பாதி பணமாகவும் மீதி கம்பெனியின் சொந்த டோக்கனாகவும், அதாவது அவர்களே வெளியிடும் கிரிப்டோ நாணயமாகவும் வரும் என்கிறது. மொத்தத்தைக் கூட்டினால் இப்போது வாங்குவதைவிட அதிகம். உடனே தலையாட்டிவிடாதீர்கள். டோக்கன் பங்கை அடித்துவிட்டு, பணமாக வருவதை மட்டும் வைத்து வாடகை, கடன் தவணை, வீட்டுச் செலவு எல்லாம் ஓடுமா என்று பாருங்கள். ஓடாது என்றால், அந்த டோக்கன் நூறு மடங்கு ஏறும் என்று யார் சத்தியம் செய்தாலும் அந்த வேலை உங்களுக்கு வேண்டாம். வீட்டு ஓனர் டோக்கனை வாங்கிக்கொள்ள மாட்டார்.

இவ்வளவு கறார் எதற்கு என்றால், பிட்காயினே 2021 நவம்பரில் கிட்டத்தட்ட 69,000 டாலரில் இருந்து அடுத்த ஆண்டு அதே மாதத்தில் 16,000 டாலர் பக்கம் வந்து நின்றது. இருப்பதிலேயே பெரிய நாணயத்தின் கதை இது. 2022 மே மாதம் லூனா என்ற நாணயம் ஒரே வாரத்தில் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது.

ஓடும் என்றால் ஒப்பந்தத்தை எடுத்து மெதுவாகப் படியுங்கள். மாதம் 1,000 டோக்கன் என்று எழுதியிருக்கிறதா, 1,000 டாலர் மதிப்புள்ள டோக்கன் என்று எழுதியிருக்கிறதா? முதலாவதில் விலை விழுந்தால் நஷ்டம் உங்களுக்கு. இரண்டாவதில் சம்பள நாள் வரைக்குமாவது அது கம்பெனியின் தலைவலி. அப்புறம், எத்தனை மாதம் விற்க முடியாமல் பூட்டி வைப்பார்கள், நடுவில் வேலையை விட்டால் மிச்சம் என்ன ஆகும், நிறுவனர்கள் கையில் எவ்வளவு இருக்கிறது, அவர்களுடைய பூட்டு எப்போது திறக்கும் என்றும் கேளுங்கள். உங்களுக்கு ஒரு மாதம் முன்னால் அவர்களுக்குத் திறந்தால், நீங்கள் விற்கப் போகும்போது என்ன விலை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? திரையில் தெரியும் விலையையும் அப்படியே நம்ப வேண்டாம். தினமும் நாலு பேர் மட்டும் வாங்கி விற்கும் டோக்கனில் உங்கள் ஒரு மாதச் சம்பளத்தை விற்கப் போனாலே விலை சரியும்.

வரியைப் பொறுத்தவரை, பல நாடுகளில் டோக்கன் கைக்கு வந்த நாளின் மதிப்புக்கே வரி போடுகிறார்கள், பிறகு விலை விழுந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. அதனால் வந்த அன்றே வரிக்கு வேண்டியதை விற்றுப் பணமாக ஒதுக்கிவிடுங்கள். மீதியையும் விற்றுவிடுவதுதான் என் கட்சி. வேலையும் சேமிப்பும் ஒரே கம்பெனியை நம்பி இருந்தால் அது விழும் நாளில் இரண்டும் சேர்ந்து போகும். 2022 நவம்பரில் கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சான எஃப்டிஎக்ஸ் திவாலானபோது அங்கே வேலை பார்த்த பலருடைய சேமிப்பும் அந்த எக்ஸ்சேஞ்சிலேயே மாட்டிக்கொண்டது.

கொஞ்சம் வைத்துக்கொள்ள ஆசை என்றால் சொந்த வாலெட்டுக்கு, அதாவது சாவி உங்கள் கையிலேயே இருக்கும் ஆப் அல்லது கருவிக்கு மாற்றுங்கள். தொலைந்தால் வாலெட்டை மீட்க அது தரும் 12 அல்லது 24 சொற்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், போட்டோ எடுக்காதீர்கள், கேட்பவர் ஹெச்ஆராகவே இருந்தாலும் சொல்லாதீர்கள். வேலையில் சேர முதலில் நீங்கள் டோக்கன் வாங்க வேண்டும் என்றால் அது மோசடி, அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள்.

கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி பாக்கி: "டோக்கனே வேண்டாம், முழுவதும் பணமாக என்றால் எவ்வளவு தருவீர்கள்?" லெட்டரில் 100 என்று போட்ட டோக்கனுக்குப் பதிலாக 30 தருகிறோம் என்றால், அந்த டோக்கனின் விலையை அவர்களே சொல்லிவிட்டார்கள்.