கெட்டிக்காரப் பிள்ளைக்கு இன்னும் பத்து கணக்கு வேண்டாம்

மொரிசியஸில் எந்தப் பிள்ளை கெட்டிக்காரன் என்று கேட்டாலும் பதில் மார்க்கில்தான் வரும். ஆறாம் வகுப்பு முடிவில் பி.எஸ்.ஏ.சி. தேர்வு, ஒன்பதில் என்.சி.இ. தேர்வு, கடைசியில் எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதித் தேர்வு. அதை எழுதி அரசு உதவித்தொகை வாங்கும் பிள்ளைக்கு லோரேயா என்று பெயர். முடிவு வரும் நாளில் அந்தப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறோம். அவர்கள் உழைப்புக்கு அது தகும். ஆனால் மார்க்குதான் திறமை என்று முடிவுகட்டிவிடுகிறோமே, மற்ற தவறுகளெல்லாம் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921-இல் நுண்ணறிவுத் தேர்வு வைத்து மேதைப் பிள்ளைகளைத் தேடத் தொடங்கினார். மதிப்பெண் போதாமல் விடப்பட்டவர்களில் வில்லியம் ஷாக்லி 1956-இலும் லூயி ஆல்வாரெஸ் 1968-இலும் இயற்பியலில் நோபல் பரிசு வாங்கினார்கள்.

வகுப்பறையில் நான் அதிகம் பார்க்கும் தவறு வேறு. நாலாம் வகுப்பில் ஒரு சிறுமி பத்து பின்னக் கணக்கையும் மற்றவர்கள் மூன்றாவதில் இருக்கும்போதே முடித்துவிடுகிறாள். உடனே இன்னும் பத்து, அதே மாதிரிக் கணக்கு. இரண்டு வாரத்தில் அவள் புரிந்துகொள்கிறாள்: சீக்கிரம் முடித்தால் தண்டனை. அப்புறம் பென்சிலைச் சீவிச் சீவியே நேரத்தைக் கடத்துவாள். சரி, என்ன செய்யலாம்? ஜோசப் ரென்சுல்லி என்ற கல்வியாளர் சொன்ன வழி எளியது. பாடம் தொடங்குமுன்பே பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று பாருங்கள். தெரிந்ததை விட்டுவிடுங்கள். மிச்சமாகும் நேரத்தில் யோசிக்க வேண்டிய ஒன்றைக் கொடுங்கள். இரண்டு பின்னங்களுக்கு நடுவில் இன்னொரு பின்னம் எப்போதும் இருக்குமா என்று கேட்டால் போதும், அவள் அன்று வீட்டுக்குப் போயும் அதையே நினைப்பாள். மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தினமும் இவளையே வாத்தியாராக்குவதும் சரியில்லை. அவளும் கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறாள்.

அடுத்தது மொழி. வீட்டில் கிரியோல், புத்தகத்தில் ஆங்கிலம், பத்திரிகையில் பிரெஞ்சு, எங்கள் வகுப்பில் தமிழ். இதில் ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையை மந்தம் என்று ஒதுக்கிவிடுவது மிகச் சுலபம். மாஹேபூர் பக்கத்து மீனவர் வீட்டுப் பையன் ஒருவன். ஆங்கிலக் கட்டுரை நான்கு வரியைத் தாண்டாது. ஆனால் அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் படகுத்துறைத் தூணில் தண்ணீர் ஏறிய உயரத்தைத் தேதி போட்டுக் கோடு கோடாகக் குறித்திருந்தான். "மிஸ், தண்ணி ஏறுற நேரம் ஏன் தினமும் தள்ளித் தள்ளிப் போகுது?" என்று கிரியோலில் கேட்டான். கடலேற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதற்குச் சந்திரன் காரணம். அதை அவனே பார்த்துப் பிடித்திருக்கிறான்! இப்படிப்பட்டவனை முதலில் தனக்கு வசதியான மொழியில் பேசவிடுங்கள். எழுத்து பிறகு வரட்டும்.

நல்ல மனதோடு செய்யும் தவறு ஒன்றும் உண்டு. "நீ பெரிய புத்திசாலி" என்று ஓயாமல் சொல்வது. கிளாடியா மியூல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அறிவுக்காகப் புகழப்பட்ட பிள்ளைகள் அடுத்து சுலபமான வேலையை நாடினார்கள், முயற்சிக்காகப் புகழப்பட்டவர்கள் கடினமானதை. புத்திசாலிப் பட்டம் கைநழுவிவிடுமோ என்ற பயம் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. எந்த வழியில் யோசித்தாய் என்று கேளுங்கள், அந்த வழியைப் பாராட்டுங்கள்.

கடைசியாக, எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கும் அபாரத் திறமை இருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் ஒரு முறை கேள்வித்தாளை நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டி, பதிலையும் வாயால் சொல்லச் சொல்லுங்கள். எழுதிய மார்க்குக்கும் சொன்ன பதிலுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால், அந்தத் தாளோடு பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.