பழைய ஸ்போர்ட்டி காரின் இன்ஜின் கப்ளர்: சரிசெய்யப் போய்க் கெடுக்கும் இடங்கள்

சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது மட்டும் மிஸ்ஸிங், இன்ஜின் விட்டுவிட்டு இழுக்கும். தர்மபுரி வந்து வண்டியை ஆறவிட்டால் சரியாகிவிடும். இருபது வயது தாண்டிய பேலியோ 1.6, ஹோண்டா சிட்டி விடெக் மாதிரி வண்டிகளில் இப்படி வந்தால் முதலில் சென்சாரைத்தான் மாற்றுகிறார்கள். சில ஆயிரம் ரூபாய் போன பிறகும் மிஸ்ஸிங் அப்படியே இருக்கும். ஒயரைச் சென்சாரோடு இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளருக்குள் உலோகப் பின் தளர்ந்து கிடப்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் மட்டும் போதாது. சூட்டிலும் அதிர்விலும் விடாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும். துளையுள்ள ஃபீமேல் பின்னுக்குள் இருக்கும் சின்ன நாக்கு ஸ்பிரிங் மாதிரி அந்த வேலையைச் செய்கிறது. பிடிப்பு போனால் பின்கள் ஒன்றோடொன்று உரசி ஆக்சைடு படியும், ரெசிஸ்டன்ஸ் ஏறும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யூ. தப்பான அளவைப் படிக்கும்.

அந்த நாக்கைக் கெடுப்பதில் முதல் இடம் மல்டிமீட்டர் முனைக்கு. தடித்த முனையை ஃபீமேல் பின்னுக்குள் சொருகி வோல்ட் பார்த்தால், அந்த ஒரே தடவையில் நாக்கு விரிந்துவிடும். சோதனைக்கு வந்த வண்டி புதுக் கோளாறோடு திரும்பும். கப்ளரின் பின்பக்கம், ஒயர் நுழையும் வழியில் மெல்லிய ஊசியை விட்டு அளவெடுங்கள். பிடிப்பைச் சோதிக்க, துளைக்குள் நுழையும் ஆண் பின் (male) அதே அளவில் தனியாக ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துளையிலும் விட்டு இழுத்துப் பாருங்கள். மற்ற துளைகளைவிட ஒன்றில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பின்னை மாற்றியாக வேண்டும்.

கழற்றுவதற்கு முன் பேட்டரி மைனஸை எடுத்துவிடுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. பல வருடச் சூட்டில் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். ஓசூர் பக்கத்து மார்கழிக் காலையில் கப்ளரின் லாக்கைத் தூக்கினால் அது ஒடிந்து வரும். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கம்பி க்ளிப் உள்ள பாஷ் வகைக் கப்ளரில் க்ளிப் தெறித்து இன்ஜினுக்கு அடியில் போய்விடும். ஒரு விரலால் அதை அழுத்திக்கொண்டே மறுகையால் நெம்புங்கள்.

பின்னை வெளியே எடுக்கும்போது இன்னொரு தவறு நடக்கிறது. பல கப்ளர்களில் பின்னுக்கு இரண்டு பூட்டு: பின்னிலோ கப்ளரின் பிளாஸ்டிக் கூட்டிலோ இருக்கும் சின்ன பூட்டு நாக்கு, அதற்கு மேல் வேறு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு. தடுப்பைத் திறக்காமல் பின்னை இழுத்தால் கூடு உடையும்.

பெரும்பாலான வேலை வீணாவது கிரிம்பிங்கில், அதாவது பின்னை நசுக்கி ஒயரோடு பிடிக்க வைப்பதில். மூக்குப் பிளையரால் நசுக்கிய உலோகப் பின் முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். பின்னின் வாலில் இரண்டு ஜோடி இறக்கைகள் உண்டு. முன் ஜோடி செம்பு இழைகளுக்கு, பின்பக்க ஜோடி இன்சுலேஷனுக்கு அல்லது ரப்பர் சீலுக்கு. முன் இறக்கைகள் உள்பக்கமாகச் சுருண்டு இழைகளுக்குள் இறங்க வேண்டும். பார்த்தால் இதய வடிவில் தெரியும். அதற்கு அந்த வகைப் பின்னுக்கான தாடை உள்ள ராட்செட் (முழுதாக நசுங்கும் வரை விடாத) கிரிம்பிங் டூல் வேண்டும். ஒயரை 4 முதல் 5 மி.மீ. மட்டும் சீவுங்கள், ஓர் இழைகூட அறுபடக் கூடாது. முன் இறக்கைகளைத் தாண்டி அரை மி.மீ. செம்பு எட்டிப் பார்க்க வேண்டும். இன்சுலேஷன் முன் ஜோடிக்குள் போய்விட்டால் மின்தொடர்பு விட்டுவிட்டு வரும். முடித்ததும் ஒவ்வொரு பின்னையும் கையால் அழுத்தமாக இழுத்துப் பாருங்கள். கழன்று வருவதாக இருந்தால் மேஜை மேலேயே வரட்டும்.

தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீலை முதலில் ஒயரில் கோக்க மறந்துவிட்டு, கிரிம்ப் முடிந்த பிறகு நினைவு வருவது சாதாரணம். பின்னை வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். சீலைக் கிழித்துப் போர்த்தினால் தண்ணீர் நிற்காது. ஒயரின் வெளிவிட்டமும் சீலின் துளையும் பொருந்த வேண்டும். 0.75 சதுர மி.மீ. மெல்லிய இன்சுலேஷன் ஆட்டோ ஒயரின் விட்டம் சுமார் 1.9 மி.மீ.; சாதாரண பி.வி.சி. ஒயர் அதைவிடத் தடிமன், அதே சீலுக்குள் நுழையாது. வாங்கும்போது ஓர் இழையைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். இன்ஜின் பக்கத்துக்கு 105 டிகிரி தாங்கும் ஒயராவது தேவை.

ஈயம் பற்றவைப்பதே தவறு என்று சொல்லவில்லை. பின்னில் வைப்பதுதான் தவறு. ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரை விறைப்பாக்கும், அது முடியும் இடத்தில் அதிர்வு ஒடித்துவிடும். கப்ளரிலிருந்து 5 செ.மீ. தள்ளி, ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) தாங்கும் இடத்தில், உள்ளே பசை தடவிய, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவோடு வைக்கலாம். ஆக்சிஜன் சென்சார் ஒயரில் மட்டும் எங்குமே ஈயம் கூடாது. பல சென்சார்கள் வெளிக்காற்றை ஒயரின் இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வழியாகத்தான் எடுக்கின்றன. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சூட்டில் பசை இளகும், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் தூசி அதில் ஒட்டும்.

எல்லா ஒயரையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள், இணைப்புகள் ஒரே இடத்தில் குவியாமல் 3 செ.மீ. தள்ளித் தள்ளி வையுங்கள். இன்ஜெக்டரில் இரண்டு ஒயரும் இடம் மாறினால் பெரும்பாலும் பாதிப்பில்லை. கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவதைப் படிக்கும் இரண்டு ஒயர் கிராங்க் சென்சாரில் மாறினால் டைமிங் குழம்பும், ஸ்டார்ட்டே ஆகாமலும் போகலாம். அதன் ஒயரைச் சுற்றியுள்ள உலோக உறையின் (ஷீல்டு) எர்த் ஒரு முனையில் மட்டும் இருக்க வேண்டும்.

மேம்படுத்துவதாக நினைத்து, ஒயரோடு வரும் மலிவு கப்ளரைப் பொருத்துவதைவிட, பெங்களூர் ஜே.சி. ரோடு வரை போயாவது கூடு, பின், சீல் மூன்றையும் தனித்தனியாக வாங்குவது நல்லது. சென்சாரில் தங்கப் பூச்சு இருந்தால் கப்ளரிலும் தங்கப் பூச்சே வேண்டும். தங்கப் பூச்சும் வெள்ளீயப் பூச்சும் சேர்ந்தால் சீக்கிரம் அரிக்கும்.

வினிகர் வாடை வரும் சிலிகான் சீலன்டை கப்ளரில் அடைக்காதீர்கள், அந்த அமிலம் செம்பைத் தின்னும். டைஎலக்ட்ரிக் கிரீஸ் மின்சாரம் கடத்தாது. ரப்பர் சீலில் மெல்லிசாகத் தடவினால் போதும். வாட்டர் சர்வீஸில் இன்ஜினுக்கு மண்ணெண்ணெயோ டீசலோ அடித்து பளபளப்பாக்கச் சொல்லாதீர்கள். ரப்பர் ஊதும், பிறகு வரும் அழுத்தத் தண்ணீர் நேராக உள்ளே போகும்.

முடித்ததும் மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை நம்ப வேண்டாம். ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் அது கத்தும். இன்ஜின் ஓடும்போது சென்சாரின் எர்த் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ பிடிப்பு இல்லை. ஹார்னஸை இன்ஜின் அசைவுக்குச் சில செ.மீ. தளர்வு விட்டுக் கட்டுங்கள். ஒரு தடவை கணவாய் ஏறி வந்து, சூடு ஆறுவதற்குள் ஐடிலில் வைத்து ஒவ்வொரு கப்ளரையும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆர்.பி.எம். தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்தக் கப்ளரின் பின்னை மறுபடி கழற்றுங்கள்.