வண்டி ஓடும்போதே வேகட்டும்

லாரியில் சமைக்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "என்ன அடுப்பு வாங்கலாம்?" என்றுதான். வண்டியை நிறுத்தினால் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் 8 மணி நேர ஓட்டத்துக்கு 30 நிமிடம். அந்த அரை மணியில் வெங்காயம் உரித்து, வதக்கி, வேகவைத்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவினால் இடுப்பை நீட்டுவது எப்போது? அதனால் என் வழக்கம் இப்படி: நறுக்குவதை இரவு படுக்கும் முன் முடித்துவிடுவேன். வேகுவது மறுநாள் வண்டி ஓடும்போது. நிறுத்தினால் சாப்பாடு மட்டும்தான்.

இதற்குப் பெரிய அடுப்பு தேவையில்லை, வண்டியின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகிச் சமைக்கும் சிறிய மின்சாரப் பெட்டி போதும். ஆனால் கொஞ்சம் மின்சாரக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். முதலில் உங்கள் வண்டி எத்தனை வோல்ட் என்று பாருங்கள். உலகத்தில் பெரும்பாலான கனரக லாரிகள் 24 வோல்ட். வட அமெரிக்க லாரிகள் 12. 12 வோல்ட் சமையல் பெட்டியை 24 வோல்ட் சாக்கெட்டில் சொருகினால் அது இரண்டு மடங்கு சூடாகும் என்று நினைக்கிறார்கள். இல்லை, நாலு மடங்கு வாட் இழுக்கும். ஃபியூஸ் போகும், அல்லது பெட்டி போகும்.

அடுத்தது அந்த சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்பது. ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்திலேயே எழுதியிருக்கும். 12 வோல்ட்டை 15 ஆம்பியரால் பெருக்கினால் 180 வாட்; அதுதான் எல்லை. அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸ் மாட்டிவிடாதீர்கள். அது அங்கே இருப்பது டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் ஒயரைக் காப்பாற்ற. பெரிய ஃபியூஸ் போட்டால் எரியப் போவது அந்த ஒயர்.

180 வாட்டில் என்ன சமைக்க முடியும் என்று தோன்றும். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதி நிலைக்குக் கொண்டுவர 150 வாட் பெட்டிக்குக் கணக்குப்படி 35 நிமிடம் ஆகும். வெளியே போகும் சூட்டையும் சேர்த்தால் முக்கால் மணிக்கு மேல். இன்வெர்ட்டரில் ஓடும் 1000 வாட் கெட்டில் அதையே ஐந்தாறு நிமிடத்தில் முடித்துவிடும். பேட்டரியிலிருந்து எடுக்கும் மொத்தச் சக்தி ஏறக்குறைய ஒன்றுதான், வித்தியாசம் நேரத்தில்தான் இருக்கிறது. வண்டி ஓடும்போது அந்த நேரம் நமக்குச் சும்மா கிடைக்கிறது, மின்சாரத்தை எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டர் பார்த்துக்கொள்கிறது. பிறகு எதற்கு அவசரம்?

இன்வெர்ட்டர் வேண்டவே வேண்டும் என்றால், 1000 வாட்டுக்கு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 100 ஆம்பியர் இழுக்கும், 24 வோல்ட்டில் அதில் பாதி. சாக்கெட்டில் சொருகும் வேலை இல்லை இது. தடித்த கேபிளைப் பேட்டரியிலிருந்தே நேராக இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டு, எலக்ட்ரீஷியன் கையால் மாட்டவேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு இன்வெர்ட்டரை ஓட்டினால் வோல்ட்மீட்டரைப் பாருங்கள். சாதாரண ஈய அமில பேட்டரி ஓய்வில் (எதுவும் இழுக்காதபோது) 12.2 வோல்ட் காட்டினால் பாதி காலி என்று அர்த்தம். 24 வோல்ட் வண்டியில் 24.4. அதோடு நிறுத்துங்கள். இரவு டீ குடித்துவிட்டுக் காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது நல்ல பிழைப்பு இல்லை.

பெட்டி வாங்கும்போது ஒரு விஷயம். 40, 60 வாட்டில் வரும் எலக்ட்ரிக் லஞ்ச் பாக்ஸ், ஏற்கெனவே வெந்ததைச் சுடவைக்க மட்டும்தான். பச்சைக் கறியை அதில் வைத்தால் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும், கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வேகவைக்க, 150 டிகிரி வரை ஏறும் மூடியுள்ள ஓவன் பெட்டி வேண்டும். நான் இரண்டும் வைத்திருக்கிறேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஓவன் பெட்டியை வாங்குங்கள்.

இனி சமையல். என் வண்டியில் வாரத்துக்கு இரண்டு முறையாவது நடப்பது கோழியும் உருளைக்கிழங்கும். எலும்பில்லாத தொடைக்கறி 300 கிராம், இரண்டு சென்டிமீட்டர் துண்டுகள். உருளைக்கிழங்கு இரண்டு, அதைவிட மெல்லிய வில்லைகளாக. பெட்டியில் சூடு அடியிலிருந்து வருவதால் கிழங்கு கீழே, வெங்காயம் நடுவில், கறி மேலே. உப்பு, மிளகு, ஒரு கரண்டி எண்ணெய். எல்லாவற்றையும் அலுமினியத் தட்டில் பரப்பி, மேலே அலுமினியத் தாளை இறுக்கி மூடி, இரவே குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு, எங்காவது நிற்கும்போது, பெட்டியில் இறக்கி ஸ்விட்சைப் போடுவேன். கறியைக் குவித்து வைத்தால் நடுவில் வேகாது, பரப்ப வேண்டும். உறைந்த கறியை அப்படியே வைக்கவும் கூடாது. திறந்ததும் தடிமனான துண்டில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்ப்பேன். 74 டிகிரி காட்டினால் சாப்பிடலாம், காட்டாவிட்டால் மூடிவிட்டு இன்னும் ஓட்டவேண்டியதுதான். நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுவதும் இல்லை.

கறி இல்லாத நாளுக்கு அகன்ற வாய் ஸ்டீல் ஃபிளாஸ்க். இதற்கு ஓடும்போது மின்சாரம்கூட வேண்டாம். காலையில் கொதிநீரை ஃபிளாஸ்கில் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். ஊறவைத்த அரிசியும் மைசூர்ப் பருப்பும் சரிபாதியாக, இரண்டும் சேர்ந்து ஃபிளாஸ்கில் ஐந்தில் ஒரு பங்கு. அதையும் ஒருமுறை சுடுநீரில் அலசி உள்ளே போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைக் கழுத்து வரை ஊற்றி மூடுங்கள். மூன்று மணி நேரத்தில் குழைந்த கஞ்சியாக இருக்கும். உப்பைக் கடைசியில் போட்டால் போதும். பாதி நிரப்பிய ஃபிளாஸ்க் சீக்கிரம் ஆறும், இடையில் திறந்து பார்த்தாலும் ஆறும். ஓட்ஸுக்கு அரை மணியே போதும்.

ஃபிளாஸ்கில் இரண்டு மட்டும் வேண்டாம். ஒன்று பச்சைக் கறி. இன்னொன்று சிவப்பு ராஜ்மா. அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதித்தால்தான் அது போகும். கொதிக்காத சூட்டில் மெதுவாக வேகவைத்தால் வாந்தியும் பேதியும்தான் மிச்சம். அடுத்த கழிவறை எத்தனை கிலோமீட்டரில் என்று தெரியாத தொழில் நம்முடையது. டப்பாவில் அடைத்து வருவது முன்பே வெந்தது, பயமில்லை.

மலைப்பாதையில் ஏறும்போது கணக்கு மாறும். 3000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு கல்லு மாதிரி கிடக்கும். அங்கே போகும் நாளில் ஃபிளாஸ்கைக் கீழேயே நிரப்பிவிடுவேன். பிரஷர் குக்கர் உதவும்தான், ஆனால் வண்டி நின்றிருக்கும்போது மட்டும். ஓடும் வண்டியில் குக்கர் வைப்பவனை நான் வண்டியில் ஏற்றமாட்டேன்.

ஓடும்போது வேகும் எதுவும் நகரக்கூடாது. என் பெட்டி பக்கத்து இருக்கைக்கு முன்னால் தரையில், பட்டையால் இறுக்கிக் கட்டியபடி இருக்கும். மூடி கிளிப் போட்டதாக இருக்கவேண்டும். ஃபிளாஸ்க், தண்ணீர் பாட்டில், எண்ணெய் பாட்டில் எதுவும் டிரைவர் பக்கத் தரையில் கூடாது. உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டினால் சாப்பாட்டுக்கு அவசியமே இருக்காது. ஓட்டிக்கொண்டே மூடியைத் திறப்பதும் கிளறுவதும் கிடையாது. டைமர் அடித்தால் அடிக்கட்டும், நிறுத்த இடம் வரும்வரை கருகினாலும் கருகட்டும்.

கேபினுக்குள் கேஸ் அடுப்பு வேண்டாம், கண்ணாடியை இறக்கிவிட்டாலும் வேண்டாம். எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. கசியும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, போய்ப் படுக்கைக்கு அடியில் தேங்கும். இரவு முழுக்க நிற்கும் இடத்தில் தீ மூட்ட அனுமதி இருந்தால் வெளியே, டீசல் டேங்குக்கும் டயருக்கும் தள்ளி, காற்று மறைவில் வையுங்கள். கேஸ் குப்பி பர்னருக்கு நேர் கீழே இருக்கும் வகை அடுப்பைச் சுற்றித் தகடு வைத்து முழுதாக மறைக்காதீர்கள், குப்பி சூடேறி வெடிக்கலாம். தீப்பற்றும் சரக்கு ஏற்றியிருந்தால் நெருப்பு என்ற பேச்சே இல்லை.

உள்ளே பொரிப்பதும் வதக்குவதும்கூட எனக்குப் பிடிக்காது. மணம் மெத்தையில் ஏறுவது ஒரு பக்கம் இருக்கட்டும். எண்ணெய் ஆவி முன்கண்ணாடியின் உட்புறம் படியும். பகலில் தெரியாது, இரவில் எதிரே வரும் லைட் ஒவ்வொன்றும் கண்ணாடி முழுக்கச் சிதறும்.

குளிர்பெட்டியில் இரண்டு வகை உண்டு. கம்ப்ரஸர் உள்ளது வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் 4 டிகிரியில் நிற்கும். மலிவாக வரும், கம்ப்ரஸர் இல்லாத தெர்மோஎலக்ட்ரிக் வகை, வெளிச்சூட்டைவிட 15, 20 டிகிரிதான் குறைக்கும். வெளியே 40 என்றால் உள்ளே 20க்கு மேல். பழமும் தண்ணீரும் வைக்கலாம், கறி வைக்கக்கூடாது. 5 முதல் 60 டிகிரி வரை கிருமி பெருகும் சூடு. சமைத்தது அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிடுங்கள். 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான். வெயிலில் நிறுத்திய கேபின் உள்ளே வெளியைவிட அதிகமாகக் காயும், அதையும் கணக்கில் வையுங்கள். சோறுதான் இதில் ஏமாற்றும். பார்க்க நன்றாக இருக்கும், மணமும் மாறாது. ஆனால் கொதித்தும் சாகாத கிருமி வித்துகள் அதில் உண்டு. வெதுவெதுப்பில் கிடந்தால் அவை உண்டாக்கும் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. சோற்றை ஒரு வேளைக்கு மட்டும் வடியுங்கள்.

அளவு பற்றியும் சொல்லவேண்டும். பிற்பகல் இரண்டு முதல் நாலு மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும், வயிறு நிறைந்திருந்தால் இன்னும் மோசம். நான் பகலில் சமைத்ததில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியை உடனே குளிர்பெட்டியில் வைத்து, வண்டியை இரவுக்கு நிறுத்தியபின் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடுகிறேன்.

பாத்திரத்துக்குத் தண்ணீரை வீணாக்காதீர்கள். எண்ணெயையும் மிச்சத்தையும் முதலில் தாளால் துடைத்துக் குப்பைப் பையில் போடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர் அடைத்த ஸ்ப்ரே பாட்டில், அதற்குப் பிறகு ஒரு குவளை சுடுநீர். அலுமினியத் தட்டில் சமைத்தால் அதுகூட வேண்டாம், ஒரு கரண்டியும் ஒரு கத்தியும்தான் கழுவ இருக்கும்.