ஹோம்ஸ்டே பக்கம் ஒரு போனில் மட்டும் கலைந்தால்

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறை வந்துவிட்டதால், இங்குள்ள ஹோம்ஸ்டே பக்கங்களில் அறை வாடகையோடு இ-பாஸ் குறிப்பும் இடம்பெறுகிறது. வருபவர் இரண்டையும் தன் போனில் படித்துவிட்டுத்தான் மலையேறுகிறார். அந்தப் பக்கம் ஒருவர் போனில் ஒழுங்காகவும் இன்னொருவர் போனில் கலைந்தும் தெரிந்தால், உடனே சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் விதிகளில்) கை வைக்காதீர்கள். முதலில் மார்க்-அப்பின், அதாவது பக்கத்தின் எச்டிஎம்எல் கோப்பின், முதல் வரியைப் பாருங்கள்.

அங்கே டாக்டைப், அதாவது இது எச்டிஎம்எல் பக்கம் என்று பிரவுசருக்குச் சொல்லும் அறிவிப்பு, இருக்க வேண்டும். அது விடுபட்டாலோ, அதற்கு முன்னால் சர்வரில் ஓடும் பிஎச்பி நிரலின் எச்சரிக்கை வரி ஏதாவது வந்து விழுந்தாலோ, பிரவுசர் குவர்க்ஸ் முறைக்கு, அதாவது பழங்காலப் பக்கங்களுக்கான பழைய விதிகளுக்கு, போய்விடும். பிரவுசரின் டெவலப்பர் கருவியிலுள்ள கன்சோலில் 'டாக்குமென்ட்.காம்பாட்மோட்' (document.compatMode) அடித்தால் 'பேக்காம்பாட்' (BackCompat) என்று பதில் வரும். கண்ணுக்குத் தெரியும் அடையாளமும் உண்டு: முழுப் பக்கத்தையும் அடக்கும் பாடி டேக்குக்குக் கொடுத்த எழுத்தளவு வாடகை அட்டவணைக்குள் மட்டும் இறங்காது.

டாக்டைப் சேர்த்ததும் அட்டவணை வேறு மாதிரி கலையலாம். பதறி அதை நீக்கிவிடாதீர்கள். பத்திக்கான பி டேக்குக்குள் அட்டவணைக்கான டேபிள் டேக் இருந்தால் குவர்க்ஸ் முறை பொறுத்துக்கொள்ளும். டாக்டைப் உள்ள சரியான முறையிலோ டேபிள் தொடங்கும் இடத்திலேயே பி மூடிக்கொள்ளும், பி-யின் ஸ்டைல் அட்டவணைக்குக் கிடைக்காது. அந்த பி-யை டிவ் (எதையும் உள்ளடக்கும் பொதுவான டேக்) ஆக்கினால் போதும்.

தமிழ் எழுத்துகள் சிதைந்து வந்தால் கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள். அந்தக் குறியாக்கத்தைப் பிரவுசருக்குச் சொல்லும் மெட்டா சார்செட் வரி கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் இருக்கட்டும். அப்படியும் சரியாகாவிட்டால் சர்வர் பக்கத்தோடு அனுப்பும் ஹெட்டரை (தகவல் வரிகளை) பாருங்கள். அதில் வேறு சார்செட் இருந்தால் மெட்டா வரி எடுபடாது.

அடுத்தது பழைய ஐபோன். 'தோட்டத்து அறை', 'பள்ளத்தாக்கு அறை' அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றால், அட்டைகளை வரிசைப்படுத்தும் சிஎஸ்எஸ் முறையான ஃபிளெக்ஸில், இடைவெளி விடும் 'கேப்' விதியைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். ஐபோனின் பிரவுசரான சஃபாரி அதை 14.1 பதிப்பில்தான், 2021இல், ஏற்றது. ஒரு வசதி பிரவுசருக்குத் தெரியுமா என்று கேட்கும் 'சப்போர்ட்ஸ்' விதியால் சோதித்துப் பயனில்லை: கட்டங்களாக அடுக்கும் கிரிட் முறையில் கேப் ஏற்கெனவே இருந்ததால் 12 முதலான பழைய சஃபாரியும் 'தெரியும்' என்றே சொல்லும். கேப்பை எடுத்துவிட்டு, ஒவ்வோர் அட்டைக்கும் 8 பிக்சல் மார்ஜினும் (வெளிப்புற இடைவெளி) அட்டைகளை அடக்கிய வெளி டிவ்வுக்கு மைனஸ் 8 பிக்சல் மார்ஜினும் கொடுங்கள். அட்டைகளுக்கு நடுவே 16 பிக்சல் நிற்கும். கேப்பை விட்டுவைத்தால் புதிய போன்களில் அதுவும் சேர்ந்து இடைவெளி கூடிவிடும்.

சரிபார்க்கும்போது கம்ப்யூட்டர் குரோமின் மொபைல் காட்சியை நம்ப வேண்டாம். அது திரையளவை மாற்றுமே தவிர, பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சினை மாற்றாது. நம் ஊர் ஐபோன்களில் குரோமும் சஃபாரியின் எஞ்சினான வெப்கிட்டில்தான் ஓடுகிறது. அதனால் புதிய ஐபோனில் குரோம் போட்டுப் பார்ப்பதும் வீண், 14.1க்கு முந்தைய சஃபாரி உள்ள பழைய ஐபோன் ஒன்றிலேயே திறந்து பாருங்கள்.