ஆழமில்லாத ஏரியில் இறங்கும் முன்

முதலில் தண்ணீரின் தெளிவைப் பாருங்கள். 20 செ.மீ. விட்டமுள்ள தகட்டை நான்காகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசி, அடியில் எடை கட்டுங்கள். அளவு குறித்த நீளாத கயிற்றில், நடுப்பகலை ஒட்டி, படகின் நிழல் பக்கமாக இறக்குங்கள். கூலிங் கிளாஸ் வேண்டாம். தகடு மறையும் ஆழம், இழுக்கும்போது திரும்பத் தெரியும் ஆழம், இரண்டின் சராசரியே கணக்கு. தரை தட்டியும் தகடு தெரிந்தால் 'தரை தெரிந்தது' என்றே எழுதுங்கள். வெறும் எண்ணைக் குறித்தால் பதிவு ஏமாற்றும்.

தண்ணீர் பச்சையாக இருந்தால் குச்சியை விட்டுக் கிளறுங்கள். நூல்நூலாகத் தொங்கினால் இழைப்பாசி. அருவருப்புதான், ஆபத்து குறைவு. பெயின்டில் தோய்த்ததுபோல் வந்தால் நச்சு கக்கக்கூடிய நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம். கையுறை போட்டு, கண்ணாடி பாட்டிலில் முக்கால்வாசி மொண்டு, ஒரு இரவு ஃப்ரிட்ஜில் ஆடாமல் வையுங்கள். நிரப்பிவிடாதீர்கள், வாயு சேர்ந்து பாட்டில் உடையும். காலையில் பச்சை வளையம் மேலே மிதந்தால் சந்தேகம் வலுக்கிறது: நீச்சல் வேண்டாம், நாயையும் விடாதீர்கள். நச்சு உண்டா என்பதை ஆய்வகம்தான் சொல்லும். கொதிக்க வைத்தாலும் அது போகாது.

கனமழைக்குப் பின் 48 மணி நேரம் கரையிலேயே இருங்கள். தெருக்கழிவு முழுவதும் ஏரியில்தான் சேரும். ஈ.கோலி (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டிலில், முழங்காலளவு நீரில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மொள்ளுங்கள். ஐஸில் வைத்து 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.

படகு என்றால் துடுப்புப் படகே நல்லது. மோட்டார் அடிச்சேற்றைக் கலக்கும்; அதிலுள்ள பாஸ்பரஸ் மேலே வந்து பாசிக்கு உரமாகும்.