சபை உடன்படிக்கை: எதற்காக, எப்படி எழுதுவது

சபையில் அங்கத்தினராகச் சேருகிறவர் மற்ற விசுவாசிகளுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்? சபை அவருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறது? இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்லும் சபையில், ஒரு மனவருத்தம் வந்தவுடனே ஒவ்வொருவரும் தம் எதிர்பார்ப்பையே சட்டமாகப் பேசுவார்கள். அந்த நாள் வருமுன்னே, எல்லாரும் அமைதியாக இருக்கும்போது எழுதிவைப்பதுதான் உடன்படிக்கை. மீட்பு இதனால் வருவதில்லை. புதிய உடன்படிக்கை கிறிஸ்துவின் இரத்தத்தினாலே உண்டானது (லூக்கா 22:20). அதற்குள் வந்தவர்கள் ஒருவரோடொருவர் எப்படி நடப்பார்கள் என்பதை மட்டுமே இந்தத் தாள் சொல்கிறது.

எழுத உட்காருமுன் மூன்று ஆவணங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். எதை நம்புகிறோம் என்பது விசுவாச அறிக்கை. எப்படித் தீர்மானம் எடுக்கிறோம், கணக்கு யார் பார்ப்பது, போதகரை எப்படி அழைப்பது என்பதெல்லாம் சபை விதிகள். எப்படி வாழ்வோம் என்பது உடன்படிக்கை. இவற்றைக் கலந்தால், கமிட்டிக்கு எத்தனை பேர் என்பதும் ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பதும் ஒரே தாளில் வரும். யாரும் அதை மனப்பூர்வமாகச் சேர்ந்து வாசிக்க மாட்டார்கள்.

நல்ல மாதிரி நெகேமியா 10-ஆம் அதிகாரம். அங்கே மக்கள் ‘கர்த்தருக்கு உண்மையாயிருப்போம்’ என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தவில்லை. ஓய்வுநாளில் சரக்கு கொண்டுவந்தால் வாங்கமாட்டோம், ஆலய ஊழியத்துக்கு வருஷந்தோறும் சேக்கலில் (வெள்ளியை நிறுக்கும் அக்கால அளவு) மூன்றிலொரு பங்கு கொடுப்போம், பலிபீடத்துக்கு விறகு கொண்டுவரும் முறையைச் சீட்டுப்போட்டுத் தீர்மானிப்போம் என்று எழுதினார்கள். முத்திரை போட்டவர்களில் முதல் பெயர் அவர்களுடைய ஆளுநரான நெகேமியாவுடையது. 13-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் வியாபாரம், ஆலய ஊழியரான லேவியரின் பங்கு என்று அதே காரியங்களில் அவர்கள் தவறினபோது, எது மீறப்பட்டது என்று தெளிவாகச் சுட்டிக்காட்ட முடிந்தது. எழுத்தின் பயன் இதுதான். எழுதிவிட்டதாலேயே மக்கள் கைக்கொள்வார்கள் என்று நம்பவேண்டாம்.

வரைவை மூன்று முதல் ஐந்து பேர் எழுதட்டும். போதகர் ஒருவர் மட்டும் எழுதினால் அது அவருடைய கட்டளைப் பட்டியலாகிவிடும். சத்தமாக வாசித்தால் மூன்று நிமிடத்துக்குள் முடியவேண்டும். ஒரு பக்கம் போதும். 1629-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியிலுள்ள சேலத்தில் கூடின சபை எழுதினது ஒரே ஒரு வாக்கியம்தான். கூடிவருதல், ஜெபம், திருவிருந்து, காணிக்கை, பிள்ளைகளை வளர்த்தல், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமத்தல், கண்டித்துத் திருத்துதல், சபையை விட்டுப் போகும் விதம் ஆகியவை இருந்தால் போதுமானது.

ஒவ்வொரு வரியையும் இரண்டு கேள்வியால் சோதியுங்கள். இதற்கு வேதத்தில் ஆதாரம் உண்டா? ஒருவர் இதைச் செய்தாரா இல்லையா என்று அவரே அறிந்துகொள்ள முடியுமா? ‘ஒருவரிலொருவர் அன்பாயிருப்போம்’ என்பது முதல் கேள்வியில் தேறும், இரண்டாவதில் நிற்காது. ‘ஒருவர்மேல் நமக்குக் குறை உண்டானால், மூன்றாம் பேரிடம் சொல்லுமுன் அவரிடமே தனித்துப் பேசுவோம்’ என்று எழுதுங்கள். அதே அன்புதான், மத்தேயு 18:15 சொல்லும் வழியும் அதுவே.

ஆனால் இந்த வரிக்கு ஒரு எல்லை வேண்டும், அதையும் எழுதியே தீரவேண்டும். சிறுவர்மேல் நடந்த கொடுமை, அடிதடி, பணமோசடி போன்ற குற்றங்களுக்கு இது பொருந்தாது என்றும், பாதிக்கப்பட்டவர் குற்றம் செய்தவரைத் தனியே சந்திக்கவேண்டியதில்லை என்றும், காவல்துறையிடம் போவதைச் சபை தடுக்காது என்றும் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் விட்ட உடன்படிக்கை, பாதிக்கப்பட்டவரின் வாயைக் கட்டும் கயிறாகிவிடும்.

வேதம் கட்டளையிடாததைச் சேர்ப்பது அடுத்த தவறு. உடை, உணவு, எந்தக் கூட்டத்துக்கு எத்தனை முறை வரவேண்டும் என்பவற்றில் ரோமர் 14 மனச்சாட்சிக்கு இடம் கொடுக்கிறது. அமெரிக்க பாப்டிஸ்டு சபைகள் பலவற்றில் பரவின 1853-ஆம் வருஷத்து உடன்படிக்கையில் மதுபானத்தை விற்கவும் குடிக்கவும் மாட்டோம் என்ற வாக்குறுதி இருந்தது. நோக்கம் நல்லதே. ஆனால் இப்படிப்பட்ட வரியை எல்லாருக்கும் பொருத்தனையாக வைத்தால், அதை நம்பாதவரும் உதட்டளவில் வாசிப்பார். நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று பிரசங்கி 5:5 எச்சரிக்கிறது.

கடமைகள் ஒரே பக்கமாகச் சாயவும் கூடாது. போதகரும் மூப்பர்களும் கொடுக்கும் வாக்கையும் எழுதுங்கள்: வேதத்தை உண்மையாய்ப் போதிப்போம், காணிக்கைக் கணக்கை வருஷந்தோறும் சபைக்குமுன் வைப்போம், வியாதியஸ்தரைச் சந்திப்போம், எங்கள்மேல் வரும் குறையையும் கேட்போம். கையெழுத்தும் அவர்களிடமிருந்தே தொடங்கட்டும்.

சபையை விட்டுப் போகும் வரியில்தான் பல வரைவுகள் கெட்டுப்போகின்றன. ‘தலைவர்களின் அனுமதியின்றிப் போகமாட்டேன்’ என்பது அடிமைச் சீட்டு. இப்படி எழுதலாம்: ‘இவ்விடம் விட்டுப் போக நேர்ந்தால் முன்னதாகத் தெரிவிப்போம், கூடிய சீக்கிரம் வேறொரு சபையில் சேருவோம், போகிறவரைச் சபை ஜெபத்தோடு அனுப்பும்.’

வரைவு முடிந்த அன்றே கையெழுத்து வாங்காதீர்கள். பிரதியை எல்லார் கையிலும் கொடுத்து, நான்கு வாரமாவது வைத்து, வாரம் ஒரு பகுதியாகப் போதியுங்கள். கேள்வி கேட்க ஒரு தனிக் கூட்டம் வையுங்கள். அதன்பின் சபை ஏற்றுக்கொள்ளட்டும். தயங்குகிற பழைய அங்கத்தினரின் பெயரை உடனே அடித்துவிடவேண்டாம். அவர் எந்த வரியில் தயங்கி நிற்கிறார் என்று உட்கார்ந்து கேளுங்கள். பலமுறை அந்த வரியில்தான் உண்மையாகவே குறை இருக்கும்.

கையெழுத்திட்ட மூலத்தாள் சபைப் பதிவேட்டோடு இருக்கட்டும், பிரதி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும். புதிதாய்ச் சேருகிறவரோடு அதை முழுவதும் வாசித்துப் பேசின பிறகே அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திருவிருந்துக்கு முந்தின வாரம் சபையாக எழுந்து நின்று வாசிக்கும் வழக்கம் நல்லது, ஏனென்றால் ஒப்புரவாகவேண்டியவரிடம் போய்ப் பேச ஒரு வாரம் கிடைக்கும். மெதடிஸ்டுகள் 1755-இல் ஜான் வெஸ்லி தொடங்கின முறைப்படி உடன்படிக்கையைப் புதுப்பிக்கத் தனி ஆராதனையே வைத்திருக்கிறார்கள். சொற்களை மாற்றவேண்டியிருந்தால் மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் ஒரு சொல்லையும் தொடாதீர்கள்.