இணையம் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது?

கணினியில் இணையம் வரவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வீட்டிலுள்ள மற்ற கருவிகளில் வருகிறதா? கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை அணைக்காமல் பார்ப்பதில் பயனே இல்லை. வைஃபை செத்துக் கிடந்தாலும் கைபேசி தன் வழியில் தளத்தைத் திறந்து காட்டிவிடும். கைபேசியில் வந்தால் கோளாறு பெரும்பாலும் கணினியில். எதிலுமே வராவிட்டால் வீட்டுக் கருவிகளுக்கு இணையத்தைப் பகிர்ந்து தரும் பெட்டியான ரவுட்டரில், அல்லது அதற்கும் அப்பால்.

இது தெரியும்வரை எந்த அமைப்பிலும் கை வைக்காதீர்கள். குறிப்பாக, ரவுட்டரின் பின்புறம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். அதை அழுத்திப் பிடித்தால் இணைப்பு நிறுவனம் பதிந்து கொடுத்த பயனர் பெயர், கடவுச்சொல் உட்பட எல்லா அமைப்புகளும் அழிந்துபோகலாம். சின்னக் கோளாறு பெரிய கோளாறாகிவிடும்.

எந்தக் கருவியிலும் இணையம் இல்லையென்றால் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். கண்ணாடி இழை வழியே ஒளியாக இணையம் வரும் ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில் 'எல்ஓஎஸ்' (LOS) என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது கணினியில் எதை மாற்றினாலும் பலனில்லை. நாம் பார்க்கக்கூடியது ஒன்றே: பெட்டிக்குப் போகும் மெல்லிய ஃபைபர் கம்பி மேசைக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியோ கூர்மையாக மடிந்தோ இருக்கிறதா என்பது. அதைக் கழற்றி அதன் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத லேசர்.

சிவப்பு விளக்கு இல்லையென்றால் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் விட்டு மறுபடியும் போடுங்கள். வெளியிலிருந்து வரும் கம்பி சேரும் பெட்டியான மோடமும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் முதலில் மோடம். அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டர். இரண்டு மூன்று நிமிடமாவது பொறுத்திருங்கள்.

இனி, கணினியில் மட்டும் வராத நிலை. விமானப் பயன்முறை தவறுதலாக இயக்கப்பட்டிருக்கிறதா, வைஃபை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் என்றால் இரு முனைகளையும் கழற்றி, 'கிளிக்' என்று ஒலி கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். பெரும்பாலான கணினிகளில் அந்தத் துளைக்கருகே சிறு விளக்கு எரியும். எரியாவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள். வைஃபை கடவுச்சொல்லை அண்மையில் மாற்றியிருந்தால், கணினியில் அந்த இணைப்பை மறக்கச் சொல்லிவிட்டுப் புதிய கடவுச்சொல்லோடு இணையுங்கள்.

அப்படியும் வரவில்லையா? விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் எனும் கறுப்புத் திரையைத் திறந்துகொள்ளுங்கள். பலர் அதைக் கண்டு அஞ்சுகிறார்கள். எனக்கோ இதுவே பிடித்த கட்டம், ஏனென்றால் இங்கே ஊகத்துக்கு வேலையில்லை. ஆங்கில எழுத்துகளில், இடைவெளி விடாமல், 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) என்று தட்டி என்டரை அழுத்துங்கள். வரும் வரிகளில் 'ஐபிவி4 அட்ரஸ்' என்பதைத் தேடுங்கள். வீட்டு இணைப்பில் அது பெரும்பாலும் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும். ரவுட்டர் கணினிக்கு முகவரி கொடுத்துவிட்டது என்று பொருள். 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. கணினி முகவரி கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது. அந்த முகவரியோடு வீட்டைத் தாண்டிப் போக முடியாது. அதே கட்டளையோடு ஓர் இடைவெளி விட்டு, ஸ்லாஷ் போட்டு, 'ரினியூ' சேர்த்துக் கொடுங்கள் (ipconfig /renew). கணினி மறுபடியும் முகவரி கேட்கும். அதற்கும் மசியாவிட்டால் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

முகவரி சரியாக இருந்தால் அதே பட்டியலில் 'டீஃபால்ட் கேட்வே' என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் ரவுட்டர். 'பிங்' (ping) என்று தட்டி, இடைவெளி விட்டு அந்த எண்ணைக் கொடுங்கள். பதில் வந்தால் ரவுட்டர்வரை பாதை நன்றாக இருக்கிறது. அடுத்து 'பிங்' 8.8.8.8. இது கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரி. இதற்கும் பதில் வந்து, தளத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் வரவில்லையென்றால் குற்றவாளி டிஎன்எஸ்தான். பெயரை எண்ணாக மாற்றித் தருவது அதன் வேலை; அது படுத்துவிட்டால் இணையமே இல்லாததுபோலத் தோன்றும். நெட்வொர்க் அமைப்புகளில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்று எழுதிவிட்டால் தளங்கள் திறக்கும்.

பிங் எல்லாவற்றுக்கும் பதில் வருகிறது, பிரவுசர் மட்டும் அடம்பிடிக்கிறது என்றால் திரையின் மூலையிலுள்ள தேதியைப் பாருங்கள். யாரும் இதைச் சந்தேகிப்பதே இல்லை. தேதி சில ஆண்டுகள் பின்னால் இருந்தால், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று பிரவுசர் மறுத்துவிடும். பழைய மேசைக் கணினியில் ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி பின்னோக்கிப் போனால், மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் அது சிஆர்2032, மாற்றுவது எளிது. இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியே திருப்பிவிடும் விபிஎன், பிராக்ஸி ஆகியவற்றையும் வைரஸ் தடுப்பு மென்பொருளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். பார்த்து முடித்ததும் வைரஸ் தடுப்பை மறக்காமல் திரும்ப இயக்குங்கள்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் நெட்வொர்க் அமைப்புகளை முதல் நிலைக்கே கொண்டுபோகும் 'நெட்வொர்க் ரீசெட்' இருக்கிறது. சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் விபிஎன் அமைப்புகளும் அதில் போய்விடும் என்பதால் கடைசியாகத்தான் அதைத் தொடுவேன்.

நிறுவனத்தை அழைக்க நேர்ந்தால் வெறுமனே "நெட் வரவில்லை" என்று சொல்லாதீர்கள். "எல்ஓஎஸ் சிவப்பாக எரிகிறது" என்றோ, "கேட்வே பதில் தருகிறது, 8.8.8.8 தரவில்லை, ரவுட்டரை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன்" என்றோ சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, அழைத்த நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.